தெரியாதவரும் தப்பாத் தெரிஞ்சவரும்

(ஐ.டி. விங் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



2019 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் சுத்தின ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஞாபகம் இருக்கா? வாக்காளர் பட்டியலில் பேர் இல்லைன்னாலும், ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவில் 'சேலஞ்ச் ஓட்டு' போடலாம்னு சொல்லுச்சு. அப்ப நான் காலேஜ் பையன். எங்க குடும்ப குரூப்பில் அதைப் போட்டதே நான்தான்.

எதிர்வீட்டு அக்காவுக்கு இந்தப் பிரிவெல்லாம் ஒண்ணும் தெரியாது. தெரியாததால் விசாரிச்சாங்க. நாள் இருக்கும்போதே படிவம் 6 கொடுத்துப் பேரைச் சேர்த்துட்டாங்க. எங்க சித்தப்பா விசாரிக்கவே இல்லை. "அதான் சட்டத்துலயே இருக்கேடா"ன்னார். ஏப்ரல் 18 அன்று ஆதாரோடு பூத்துக்குப் போனார். பட்டியலில் பேர் இல்லை. ஓட்டுப் போடாமலே திரும்பி வந்தார்.

உண்மை என்ன? 1961 தேர்தல் நடத்துதல் விதிகளில் 49ஏ, ஓட்டு மெஷினின் வடிவமைப்பைப் பற்றியது. சேலஞ்ச் என்பது வேறு: வந்திருப்பவர் அந்த வாக்காளர்தானா என்று பூத் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. நம்ம பேரில் வேறொருத்தர் முந்திக்கொண்டு ஓட்டுப் போட்டிருந்தால், 'டெண்டர்டு ஓட்டு' கேட்கலாம். அதுவும் மெஷினில் கிடையாது, வாக்குச்சீட்டில்தான். இரண்டுக்குமே பட்டியலில் பேர் இருக்கணும்.

கவனிச்சீங்களா? அந்த மெசேஜில் இருந்த வார்த்தைகள் நிஜம். நம்பர் நிஜம். சேர்த்த விதம்தான் பொய். அதனாலதான் படிச்ச நானே நம்பினேன்.

தெரியாதவருக்குத் தகவல் சொன்னாப் போதும், வாங்கிக்குவார். தப்பாத் தெரிஞ்சவர் கையில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கு. அவருக்கு நாலு லிங்க் அனுப்பிப் பிரயோஜனம் இல்லை. "இதை எங்க பார்த்தீங்க அண்ணா?"ன்னு முதலில் கேளுங்க. கிண்டல் பண்ணாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலைத் திறந்து காட்டுங்க. அன்னைக்கு சித்தப்பாகிட்ட யாராவது இதைச் செஞ்சிருந்தா, ஒரு ஓட்டு வீணாகியிருக்காது.

இன்னொண்ணு. நமக்குச் சாதகமா வர்ற மெசேஜைத்தான் நாம சரிபார்க்காமல் தட்டிவிடுறோம். அதுக்கும் இதே அளவுகோல்தான்.

இன்று ஒரே வேலை: வீட்டில் எல்லார் பேரும் பட்டியலில் இருக்கான்னு பாருங்க. சந்தேகமா? 1950-க்கு போன் பண்ணிக் கேளுங்க. கேட்கிறதில் வெட்கமே வேண்டாம்.



#சரிபார்த்துப்பகிர்வோம்