வேலை பழக்குவதும் வழிகாட்டுவதும்
(தோட்டப் பெண்கள் கூட்டத்தில் ஓர் அக்கா பேசியது)



புதுசா பேர் பதிந்த பிள்ளைக்கு இரண்டு உதவி வேணும். இரண்டும் ஒன்றென்று நினைக்கிறோம்.

முதலாவது வேலை பழக்குவது. இரண்டு இலையும் மொட்டுமா எடு, முற்றினதை விடு, கைக்குள்ளே கொழுந்தை அமுக்காதே, நசுங்கினால் சூடேறிச் சிவந்துபோகும் என்று நிரையில் நின்று காட்டுவது. சில கிழமையில் கை பழகிவிடும். அதோடு அந்த உதவி முடிந்தது.

மற்றது அப்படியல்ல. எனக்குப் பழக்கிய கங்காணி கெட்டிக்காரர்தான். ஆனால் செக்ரோலில் என் வீட்டுப் பேரைப் பதிந்தார்கள். அடையாள அட்டையில் வேறு பேர். அதைத் திருத்தச் சொல்ல ஒருவருமில்லை. சேமலாப நிதியை எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. எத்தனை நாள் அலைந்தேன், எத்தனை கடுதாசி கொடுத்தேன்! பஸ் காசே பெரிய செலவு.

இதையெல்லாம் கங்காணியிடம் கேட்கலாமே என்பீர்கள். கிலோ நிறுத்துப் பேர் போடுகிறவரிடம் எந்தப் பிள்ளை மனசு திறந்து பேசும்? "வேலை தெரியாதவள்" என்று எழுதிவிடுவாரோ என்று பயப்படும். அதனால் வழிகாட்டுகிறவர் வேறு ஆளா இருக்கவேணும்.

அடுத்த மாசம் மூன்று பிள்ளைகள் பேர் பதிய வருகிறார்கள். ஆளுக்கு ஒருத்தியை யார் பொறுப்பெடுப்பது? அடையாள அட்டையையும் பிறப்புப் பத்திரத்தையும் முதல் நாளே ஒத்துப் பாருங்கள். நான் ஒருத்தியை எடுத்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு பேர் கை தூக்குங்கள்.