முதல் சோதனை பேஸ்மென்ட் அறையில்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட், பார்க்கிங் என்று பேசிப் பழகிய இந்தக் கூட்டத்தில், இன்று கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் ரேடான். நிறமும் மணமும் இல்லாத வாயு.

1984 டிசம்பரில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளரைப் பார்த்துக் கதிர்வீச்சு அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. காரணம் நிலையத்தில் இல்லை, அவர் வீட்டில் இருந்தது. அங்கே ஒரு லிட்டர் காற்றில் சுமார் 2,700 பிக்கோகியூரி ரேடான். இன்று அந்த நாட்டில் 4 என்ற அளவைத் தொட்டாலே வீட்டைச் சரிசெய்யச் சொல்கிறார்கள். அளந்து பார்க்கும் வரை அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வீட்டைச் சரிசெய்த பிறகு அதே வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். இரண்டையும் நினைவில் வையுங்கள்.

மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே சிறிதளவு யுரேனியம் உண்டு. அது சிதையும் வழியில் ரேடான் பிறக்கிறது. தரையில் உள்ள விரிசல், குழாய் இறங்கும் இடைவெளி வழியாக உள்ளே ஏறுகிறது. வெளிக்காற்றில் கலந்தால் கரைந்துபோகும், மூடிய அறையில் தேங்கும். அதிலிருந்து உண்டாகும் துகள்கள் நுரையீரலில் ஒட்டிக்கொள்கின்றன. பல நாடுகளில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த முக்கியக் காரணம் ரேடான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம்.

உடனே உங்கள் சமையல் மேடை கிரானைட்டைப் பெயர்க்க வேண்டாம். அதிலிருந்து வருவது பொதுவாக மிகக் குறைவு. மேல்மாடிக்காரர்களும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. மண்ணை ஒட்டி இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

நம் வளாகத்தில் மண்ணுக்கு மிக அருகில் தூங்குவது யார்? பேஸ்மென்ட்டில் பம்ப் ரூமை ஒட்டிய அறையில் தங்கும் நம் செக்யூரிட்டி அண்ணன்கள். கார் நிற்கும் இடத்தில் சாய்தளம் வழியாகக் காற்று வரும். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. அவர்கள் நம் வாட்ஸ்அப் குழுவிலும் இல்லை. அதனால் முதல் சோதனை அங்கேதான் நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்தது, ஏசிக்காக நாள் முழுக்க மூடியிருக்கும் தரைத்தளப் படுக்கையறைகள்.

சோதனை எளிது. சிறிய டப்பாவுக்குள் பிலிம் வைத்த கருவி இருக்கிறது. மூன்று மாதம் அறையில் வைத்துவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதுவரை வழக்கம்போல வாழலாம். டிஜிட்டல் மீட்டரும் உண்டு. சில நாள் மட்டும் அளப்பதென்றால் 12 மணி நேரம் முன்பிருந்தே கதவு, ஜன்னலை மூடி வைக்க வேண்டும். எந்தக் கருவியானாலும் மூச்சு விடும் உயரத்தில் வையுங்கள். சமையலறை, குளியலறை, ஃபேன் காற்று நேராக அடிக்கும் இடம் வேண்டாம். பக்கத்து வீட்டு அளவை வைத்து உங்கள் வீட்டை முடிவு செய்யாதீர்கள். அடுத்தடுத்த வீடுகளிலேயே அது மாறும்.

ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரெல் என்பது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு. அதற்கு மேல் வந்தால் விரிசலை அடைத்து, வெளிக்காற்று வர வழி செய்து, மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் குறையாவிட்டால், தரைக்கு அடியில் குழாய் இறக்கி ஃபேன் வைத்து வாயுவை மொட்டைமாடிக்கு மேலே வெளியேற்றும் முறை இருக்கிறது.

அளவு குறைவாக வந்தால் மகிழ்ச்சி. ஆனால் அந்த அறைக்கு ஒரு காற்றுவழி வைக்க ரேடான் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டுமா? அந்தச் செலவை இந்தக் காலாண்டு பட்ஜெட்டிலேயே சேர்க்கும்படி கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன்.