ஏன் எடுக்க விட்டே?



ஒரு நாள் சாயங்காலம் என் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்த கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அது அதிரும்போதெல்லாம் அவள் தோளும் அதிர்ந்தது. உறவு முறிந்த ஆத்திரத்தில் ஒருவன் அவளுடைய அந்தரங்கப் படங்களை ஊருக்கே பரப்பிவிட்டான். "அப்பா கீழே வண்டிகிட்ட நிக்கறாரு மேடம், மேல வரமாட்டேங்கறாரு" என்றாள். வீட்டில் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏன் எடுக்க விட்டே?" அடுத்துச் சொன்னது, "எல்லாத்தையும் அழிச்சுடு."

அந்த இரண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதல் கேள்விக்குச் சட்டம் 2013-லேயே பதில் சொல்லிவிட்டது. அன்று இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி என்று வந்தது, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 77-ஆவது பிரிவு. அதன் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். படம் எடுக்க ஒரு பெண் சம்மதித்திருக்கலாம். மற்றவருக்கு அனுப்ப அவள் சம்மதிக்கவில்லை என்றால், அனுப்பியது குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. சட்டம் கேட்காத கேள்வியை நாம் ஏன் கேட்கிறோம்? கூடவே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67ஏ பிரிவுகளும் இருக்கின்றன. 66இ ஆண்களுக்கும் பொருந்தும். வீடியோ அழைப்பில் சிக்கி, மிரட்டலுக்குப் பயந்து பணம் கட்டிக்கொண்டிருக்கும் தம்பிகளே, நீங்களும் புகார் கொடுக்கலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2018-இல் மேற்கு வங்கத்தில் ஒரு கல்லூரி மாணவியின் படங்களைப் பரப்பியவனுக்கு நீதிமன்றம் ஐந்தாண்டு சிறை விதித்தது.

இரண்டாவது வார்த்தைக்கு வருகிறேன். தயவுசெய்து அழிக்காதீர்கள். மிரட்டல் செய்தி, அனுப்பிய எண், தேதி, நேரம், இணைய முகவரி, இவைதான் வழக்கின் உயிர். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எடுத்த கையோடு 1930-க்கு அழையுங்கள், அல்லது மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். படம் வந்த இணையதள நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் எழுதுங்கள். 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் அதை நீக்க 24 மணி நேரம்தான் கெடு வைத்தன. முகத்தை வெட்டி ஒட்டிய போலிப் படமும் அதில் அடங்கும். பாதிக்கப்பட்டவர் சார்பில் வேறு ஒருவரும் எழுதலாம் என்பதை அப்பாக்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

நீக்கினால் தீர்ந்துவிடுமா? இல்லை, மறுபடி முளைக்கும். 2025 ஜூலையில் தன் படங்கள் இப்படிப் பரவியதற்காகச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தவரே ஒரு பெண் வழக்கறிஞர். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 48 மணி நேரத்துக்குள் அந்தப் படங்களை முடக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். காவல்துறை ஆவணங்களில் இருந்த அவர் பெயரையும் நீக்கச் சொன்னார். சட்டம் தெரிந்தவருக்கே உயர்நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்றால், தெரியாத பிள்ளை எங்கே போவாள்? காவல் நிலையத்தில் இருக்கும் சகோதரர்களே, அவள் வந்தால் அந்த வீடியோவை நாலு பேர் கூடி நின்று பார்க்காதீர்கள். அவளைப் பெண் அதிகாரியிடம் அனுப்புங்கள்.

அந்தப் பெண்ணுடைய கைப்பேசியில் எல்லாம் அழிக்கப்பட்டிருந்தது. நல்லவேளை, விஷயத்தை முதலில் அவளிடம் சொன்ன தோழியிடம் ஸ்கிரீன்ஷாட்கள் இருந்தன. ராத்திரி எட்டரை மணிக்குப் புகாரை எழுதி முடித்தோம். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவளுடைய அப்பா. என்னைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்து, "இதுல நானும் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார்.

அவள் பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.