சாம்பலுக்கு அடியில் ஆறு



கட்டடக்கலையிலும் நிலவடிவமைப்பிலும் இன்று பட்டம் வாங்குகிற உங்களுக்கு என் வாழ்த்து. வரும் வழியில் ராயபுரம் ரயில் நிலையத்தில் கொஞ்சம் நின்றேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். அதற்கு வெள்ளையடித்து விளக்குப் போட நம்மிடம் ஆள் உண்டு. எண்ணூருக்குத்தான் ஆள் தேவை.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கி, 2017 மார்ச்சில் நின்றது. 450 மெகாவாட். இப்படி ஓர் ஆலை மூடினால் நமக்கு உடனே ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நினைவுக்கு வரும். 1985-இல் அணைந்த இரும்பு உலையைப் பீட்டர் லாட்ஸ் இடிக்கவில்லை. சுற்றிப் பூங்கா அமைத்தார். வாயுத் தொட்டியில் நீர் நிரப்பியிருக்கிறார்கள், மக்கள் அதில் மூழ்கிப் பழகுகிறார்கள். எனக்கும் பிடித்த வேலைதான். ஆனால் அங்கே மிஞ்சியது இரும்பு. இங்கே மிஞ்சியது சாம்பல்.

மிஞ்சிய கழிவு என்ன செய்யும் என்று அறிய, கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். வட ஆர்க்காட்டிலிருந்து போன நம் சனங்கள் தலைமுறையாக இறங்கிய சுரங்கம், 2001-இல் மூடியது. சயனைடு கலந்த மண் இன்னும் ஊர் நடுவே மலையாக நிற்கிறது. காற்றடித்தால் வீட்டுக்குள் வரும். அங்கே மலை கண்ணுக்காவது தெரிகிறது. எண்ணூரில் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக்குள் கிடக்கிறது. பக்கத்திலுள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழம்பு போகும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகின. படகு போன இடத்தில் இப்போது முழங்கால் தண்ணீர். நீரில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடித்த பெண்களின் விரலில் சாம்பல் சேறுதான் சிக்குகிறது. அதன்மேல் புல் பதித்து நடைபாதை போட்டால் படம் அழகாக வரும், இறால் வராது.

நம் தொழிலில் சேர்ப்பதற்குத்தான் கூலி. எடுப்பதற்கு எவரும் வரைபடம் கேட்பதில்லை. எண்ணூரில் முதல் வேலையே எடுப்பதுதான். எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம், எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று வரைவதும் வடிவமைப்பே. அதை அலுவலக மேசையில் வரைய முடியாது. எந்த ஊருக்கு எந்த நாள் 'பாடு' என்று முறைவைத்து வலை வீசியவர்களுக்கு ஆற்றின் அடித்தரை மனப்பாடம்.

அடுத்த வாரம் எண்ணூரின் மீனவக் கிராமமான காட்டுக்குப்பத்தில் ஒரு படகு கேளுங்கள். ஏற்றத்தில் வேண்டாம், வற்றத்தில் போங்கள். படகு தட்டுகிற இடத்தில் இறங்கி, கோலைக் குத்திப் பாருங்கள்.