டிக்கெட்டில் ஒன்றரை மணி, வானத்தில் நான்கு மணி

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

கோலாலம்பூரில் காலை 9.00க்குப் புறப்படும் விமானம் சென்னையில் 10.30க்கு இறங்கும் என்று டிக்கெட்டில் போட்டிருந்தால், பயண நேரம் எவ்வளவு? ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் யோசிக்காமல் "ஒன்றரை மணி சார்!" என்கிறார்கள். பிள்ளைகளை விடுங்கள், பெரியவர்களே, "அட, குளுவாங்கிலேருந்து ஜொகூர் பாருவுக்குப் போற நேரந்தானே!" என்கிறார்கள்.

இல்லை ஐயா. இரு நகரங்களுக்கும் இடையே ஆகாய வழியில் ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர். ஜெட் விமானம் உயரே ஏறிய பின் மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் பறக்கும். வகுத்தால் மூன்று மணி நேரம் வருகிறது. ஓடுபாதையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து நான்கு மணி நேரம் ஆகிறது. டிக்கெட்டில் இருப்பதோ அந்தந்த ஊர்க் கடிகார நேரம். இந்தியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி பின்னால் இருக்கிறது. நான்கில் இரண்டரை போனால் ஒன்றரை! திரும்பும்போது கூட்ட வேண்டும். அங்கே பகல் 12.00க்கு ஏறினால் இங்கே மாலை 6.30.

"முந்தி ரெண்டு மணி வித்தியாசந்தானே?" என்று தாத்தாமார் கேட்பார்கள். அதுவும் சரிதான். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கிக்கொண்டது. சூரியனுக்கு இந்தச் சட்டம் தெரியுமா? பூமி 15 பாகை சுழல ஒரு மணி நேரம். சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் ஏறத்தாழ 22 பாகை. ஆகச் சூரியக் கணக்கில் ஒன்றரை மணிதான். மிச்ச ஒரு மணி மனிதர் வைத்தது. காலை ஆறரைக்குப் பள்ளி வண்டிக்காக நம் பிள்ளைகள் இருட்டில் நிற்பதும் அதனால்தான்.

இனிப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிய ராஜுலா கப்பலில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று வர ஒரு வாரம் பிடித்தது. அங்கே பெற்ற தாய் இறந்தாலும், மகன் போய்ச் சேர்வான் என்று யாரும் காத்திருக்கவில்லை. இன்று தொலைபேசியில் செய்தி உடனே வருகிறது. "நாலு மணியில வந்துடறேன், எடுத்துடாதீங்க" என்று சொல்லிவிடுகிறோம்! வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போடுங்கள். தோட்டத்திலிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்கு நாலைந்து மணி, மூன்று மணி முன்னதாக அங்கே இருக்கவேண்டும், பறப்பது நான்கு, குடிநுழைவுச் சோதனை ஒன்று, சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு ஏழு. இருபது மணி நேரம் ஆகிவிடுகிறது, அதுவும் அன்றே இடம் கிடைத்தால். தஞ்சைப் பக்கத்தார் திருச்சிக்குப் போகும் நேர் விமானத்தைக் கேட்டுப் பாருங்கள். பறக்கும் நேரம் ஏறக்குறைய அதேதான். இறங்கிய பின் ஒன்றரை மணியில் தஞ்சாவூர். அங்கே காத்திருக்கும் உறவினருக்கும் சரியான நேரத்தைச் சொல்லுங்கள், பாவம்.

இன்று வீட்டுக்குப் போனதும் இரும்புப் பெட்டியைத் திறந்து கடப்பிதழை எடுத்துப் பாருங்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது அது செல்ல வேண்டும். காலாவதி ஆகியிருந்தால் பிள்ளையிடம் கொடுத்துத் தேதியைப் படிக்கச் சொல்லி, அடுத்த விடுமுறைக்குள் புதுப்பித்து வையுங்கள்.