சீனாவில் ஒரு சின்ன ஆபீஸ் பிடிக்க



போன மாதம் நம் ஊர்ப் பையன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். திருப்பதியில் ஃபேன்சி சாமான் மொத்த வியாபாரம் செய்கிறான். வளையல், பொம்மை, சாவிக்கொத்து, தலைக்கிளிப் எல்லாம் சீனச் சரக்கு. சென்னையில் ஒருவரிடம் வாங்கி விற்கிறவன், இப்போது நேராகப் போய் எடுக்க நினைக்கிறான். "அண்ணா, யீவூவுல சின்னதா ஒரு ஆபீஸ் பிடிக்கணும், வாடகை எவ்வளவு ஆகும்?" என்றான். பணத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். அப்பா மாந்தோப்பை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார் என்றான். அந்தப் பதில்தான் என்னை இன்றைக்கு இங்கே பேச வைத்தது.

நான் யீவூவில் சில வருடம் இருந்தவன். செஜியாங் மாகாணத்தில் இருக்கிற ஊர் அது. அங்கே உள்ள சர்வதேச வணிகச் சந்தையில் 75,000-க்கும் மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. நம் திருவிழாக் கடைகளில் தொங்குகிற சின்னச் சாமான்களில் நிறைய அங்கிருந்து புறப்பட்டு வந்தவை. நம் நாட்டு வியாபாரிகளை அங்கே தெருவுக்குத் தெரு பார்க்கலாம், நம் சாப்பாடும் கிடைக்கும். அதனால் போய் இறங்கிய இரண்டாம் நாளே, நாமும் இங்கே ஒரு அறை போட்டுவிடலாம் என்று மனசு சொல்லும். அந்த இரண்டாம் நாள் முடிவைத்தான் நீங்கள் எடுக்கக் கூடாது.

முதலில் உங்களுக்கு ஆபீஸ் தேவையா என்று பாருங்கள். வருடத்துக்கு இரண்டு முறை போய்ச் சரக்கு எடுக்கிறவருக்குத் தேவையில்லை. யீவூவில் கமிஷன் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். நீங்கள் பத்துக் கடையில் ஆர்டர் கொடுத்தால், சரக்கைத் தங்கள் குடோனில் வாங்கி வைத்து, எண்ணிப் பார்த்து, கன்டெய்னரில் ஏற்றி அனுப்புவார்கள். சொந்தப் பெயரில் பில் போட வேண்டும், ஆள் வைக்க வேண்டும், அங்கேயே தங்கி வேலை பார்க்க விசா வேண்டும் என்று வரும்போதுதான் கம்பெனி தேவைப்படும். கம்பெனி வந்தால் முகவரி வேண்டும்.

கம்பெனி என்று சொல்லும்போது ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பிரதிநிதி அலுவலகம் என்று ஒரு வகை உண்டு. இந்தியாவில் குறைந்தது இரண்டு வருடம் நடந்துகொண்டிருக்கும் கம்பெனியாக இருந்தால்தான் அதைத் திறக்க முடியும். அதை வைத்துச் சரக்கு விற்க முடியாது, பில் போட முடியாது. தொடர்பு வேலைக்கு மட்டும்தான். வியாபாரம் செய்ய வேண்டுமானால் முழுக்க வெளிநாட்டவர் முதலீட்டில் ஒரு கம்பெனி பதிய வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிற அந்நிய முதலீட்டுச் சட்டத்தின் கீழ் இதைச் செய்யலாம். மூலதனத்தை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், போடவே வேண்டாம் என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஜூலை 1 முதல், எழுதிய மூலதனத்தை ஐந்து வருடத்துக்குள் கட்டியாக வேண்டும்.

இனி முகவரிக்கு வருவோம். ஆந்திர-தமிழ்நாடு எல்லையில் இருக்கிற நம் ஆட்களுக்கு இது சுலபமாகப் புரியும். தமிழ்நாட்டுப் பக்கம் பள்ளிப்பட்டில் கடை வைத்தால் ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்கும், ஆந்திரப் பக்கம் பாலசமுத்திரத்தில் வைத்தால் 37. பக்கம்தான், ஆனால் மாநிலம் வேறு, கணக்கு வேறு. சீனாவிலும் உங்கள் ஆபீஸ் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அந்த மாவட்டத்து வரி அலுவலகம்தான் உங்களுக்கு. பிறகு அதே மாவட்டத்துக்குள் இடம் மாறினால் வேலை சுலபம். பக்கத்து மாவட்டத்துக்கு மாறினால் வரிக் கணக்கை முடித்து எடுத்துப் போக வேண்டும், அது நாள் பிடிக்கும். ஆகவே இரண்டு மூன்று வருடம் எங்கே இருப்போம் என்று யோசித்துவிட்டு மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இன்றைக்கு நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் அடுத்ததுதான். நம் ஊரில் அரை ஏக்கர் வாங்கினால்கூட என்ன செய்வோம்? பாஸ்புக் பார்ப்போம், அடங்கல் பார்ப்போம், வில்லங்கத்துக்கு ஈ.சி. போட்டுப் பார்ப்போம். அவ்வளவு உஷாரான நம் ஆட்கள், சீனாவில் கண்ணாடிக் கதவும் லிஃப்ட்டும் பார்த்ததும் எதையும் கேட்காமல் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அங்கேயும் அதே மாதிரி ஒரு காகிதம் இருக்கிறது. கட்டடத்தின் சொத்துரிமைச் சான்று. பேச்சில் ஃபாங்சான்செங் என்பார்கள். அதன் நகல் இல்லாமல் பெரும்பாலும் கம்பெனியைப் பதிய முடியாது. அதில் இரண்டு விஷயம் பாருங்கள். உங்களுக்கு வாடகைக்கு விடுகிறவர் பெயர்தான் உரிமையாளர் இடத்தில் இருக்கிறதா? உபயோகம் என்ற இடத்தில் அலுவலகம் அல்லது வணிகம் என்று இருக்கிறதா, வீடு என்று இருக்கிறதா? குடியிருப்பு என்றிருந்தால் வாடகை குறைவாக இருக்கும். ஆனால் அந்த முகவரியில் கம்பெனி பதிவது பெரும்பாடு.

நான் பட்ட அடி இதுதான். என் முதல் அறையை எனக்குக் கொடுத்தவர் உரிமையாளர் இல்லை, அவரே ஒரு வாடகைக்காரர். உள்வாடகைக்கு விட உரிமையாளர் சம்மதம் தந்திருக்கவில்லை. ஒப்பந்தம் போட்டு, மேசை நாற்காலி வாங்கிப் போட்ட பிறகு, பதிவுக்குப் போனால் காகிதம் இல்லை. மூன்று மாத வாடகைப் பணம் போனது. இரண்டு மாதம் கழித்து வேறு இடத்தில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். உள்வாடகை தப்பில்லை. ஆனால் உரிமையாளர் எழுதிக் கொடுத்த சம்மதமும் சொத்துச் சான்றின் நகலும் கையில் இருக்க வேண்டும்.

அறையே இல்லாமல் முகவரி மட்டும் தருகிற இடங்கள் உண்டு. தொழில் பூங்காக்களும் பொது ஆபீஸ்களும் சட்டப்படியே அதைத் தருகின்றன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு, ஒரே ஒரு மேசையோடு அப்படி ஓர் இடம் எடுப்பதுதான் நல்லது என்பது என் முடிவான கருத்து. ஆனால் தெருத் தரகர் விற்கிற வெறும் முகவரி ஆபத்து. வங்கிக் கணக்கு திறக்கும்போது வங்கி ஆட்கள் இடத்தை வந்து பார்க்கலாம். பதிவு அலுவலகம் கடிதம் அனுப்பி, அந்த முகவரியில் நீங்கள் இல்லை என்று தெரிந்தால், கம்பெனியை முறைகேடுப் பட்டியலில் போட்டுவிடுவார்கள். அந்தப் பட்டியல் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. பிறகு உங்களுக்கு யார் சரக்கைக் கடனுக்குத் தருவார்கள்?

வாடகைக் கணக்கு கொஞ்சம் குழப்பும். ஷாங்காயில் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்பார்கள். ஷென்சென்னில் சதுர மீட்டருக்கு ஒரு மாதத்துக்கு என்பார்கள். தெரியாமல் கேட்டால் ஒன்று கொள்ளை மலிவாகத் தெரியும். அளவும் அப்படித்தான். நூறு சதுர மீட்டர் என்றால் வராந்தா, லிஃப்ட், படிக்கட்டு எல்லாம் சேர்த்த கணக்கு. உள்ளே உட்காரும் இடம் எழுபது இருந்தாலே நல்லது. பராமரிப்புக் கட்டணம் தனி. பெரிய கட்டடங்களில் ஏ.சி. ஆபீஸ் நேரத்துக்கு மட்டும் ஓடும், இந்திய நேரத்துக்காக ராத்திரி உட்கார்ந்தால் அதற்குத் தனிக் காசு. முன்பணத்துக்கு யா அர் ஃபு யி என்று ஒரு பேச்சு உண்டு. இரண்டு மாதம் டெபாசிட், ஒரு மாதம் வாடகை என்று அர்த்தம். வாடகைக்கு ஃபாப்பியாவ் தருவீர்களா என்று முதல் நாளே கேளுங்கள். அரசு முறையில் வருகிற வரி ரசீது அது. அது இல்லாமல் வாடகையைச் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. தருகிறேன், ஆனால் வரியைச் சேர்த்துக் கொடு என்பார்கள். அதையும் பேரத்திலேயே முடித்துவிடுங்கள்.

ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருந்தாலும், பெரும்பாலும் சீன மொழியில் இருப்பதே செல்லும் என்று எழுதியிருப்பார்கள். ஆகவே தரகர் வாயால் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களே காசு கொடுத்து வைத்த ஆளை வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கம்பெனிப் பதிவு நடக்காமல் போனால் டெபாசிட் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி அன்றைக்கு என் ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் என் பணம் போயிருக்காது. எதிர்த் தரப்பு கம்பெனியாக இருந்தால் கையெழுத்து மட்டும் போதாது, அவர்களுடைய வட்டமான சிவப்பு முத்திரை விழ வேண்டும்.

நம் பக்கத்து வேலையையும் மறக்காதீர்கள். தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய தொகை நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர். கம்பெனியில் முதலீடு என்றால் வங்கி வழியாக ரிசர்வ் வங்கிக்குத் தெரிவித்துத்தான் போக வேண்டும், ஹவாலா பேச்சே கூடாது. இன்னொன்று, அயல்நாட்டுக் காகிதங்களைத் தூதரகச் சான்றில்லாமலே ஏற்கிற அபோஸ்டில் உடன்படிக்கை 2023 நவம்பரில் சீனாவில் நடப்புக்கு வந்தது. ஆனால் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அது செல்லாது. உங்கள் காகிதங்களுக்குச் சீனத் தூதரகத்தின் சான்றொப்பம் வாங்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். அங்கே போய் இறங்கிய பிறகு இது தெரிந்தால் திரும்பி வர வேண்டியதுதான்.

சீனப் புத்தாண்டை ஒட்டி, ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் போகாதீர்கள். சந்தை மூடியிருக்கும், உரிமையாளர்கள் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள்.

அந்தப் பையனுக்கு நான் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். முதல் வருடம் ஏஜென்ட் வழியாக வாங்கு. சரக்கு ஓடினால் அடுத்த வருடம் ஒரு மேசை எடு. அதுவரை தோப்புப் பத்திரம் அப்பாவின் பெட்டியிலேயே இருக்கட்டும்.