அளந்தது யார்?

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பொறியியலாளருக்கு எழுத்துப் பயிற்சி கொடுப்பது பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், "அவங்களுக்கு இலக்கணம் எதுக்கு?" என்று ஒரு ராத்தா கேட்டா. நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம்.

1996இல் முழுப் பல்கலைக்கழகமான நம் ஒலுவில் தென்கிழக்கில் இன்று பொறியியல் பீடமும் இருக்கிறது. உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளைகள் அங்கே ஆங்கிலத்தில் எழுதவேண்டும். கணக்கில் தடுமாறாத கை, அறிக்கையில் தடுமாறுகிறது. வேலைக்குப் போனபிறகும் அதே பாடுதான். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் ஓய்வுபெற்ற நாங்கள் மூவரும் சனிக்கிழமை வகுப்பு வைத்தோம்.

காலப்பிழை, ஒருமை பன்மைப் பிழை எல்லாம் சீக்கிரம் திருந்திவிடும். திருந்தாதது வேறொன்று. வீட்டில் "சோறு ஆக்கியாச்சு" என்றால் போதும், ஆக்கியது உம்மாதான் என்று தெரியும். "வால்வு திறந்தாச்சு" என்று எழுதினால்? திறந்தது யார், எத்தனை மணிக்கு? ஆங்கிலச் செயப்பாட்டு வினையும் ஒளிய நல்ல இடம்.

ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கடல் தென்னந்தோட்டங்களைத் தின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். அதைப் பயிற்சியாகக் கொடுத்தோம். ஒரு தங்கச்சி எழுதினா: "கரை கணிசமாக அரிக்கப்பட்டுள்ளது."

கணிசம் என்றால் எத்தனை அடி மகள்?

அவவுக்குக் கொலம்பியா விண்ணோடத்தின் கதையைச் சொன்னோம். 2003இல் கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் இறந்தார்கள். நுரைத்துண்டு ஒன்று இறக்கையில் மோதியிருந்தது. ஓடம் வானில் இருக்கும்போதே பொறியியலாளர்கள் அதிகாரிகளுக்கு விளக்கம் கொடுத்தார்கள். அதன் ஒரு பக்கத்தில் 'கணிசமான' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல் 5 தடவை வருகிறது. சோதித்துப் பார்த்த துண்டு 3 கன அங்குலம், மோதியது ஏறத்தாழ 1920 கன அங்குலம் என்ற கணக்கு அடிவரியில் கிடந்தது. விசாரணைக் குழு அந்தப் பக்கத்தைத் தன் அறிக்கையிலேயே எடுத்துக் காட்டியது.

தங்கச்சி பேசாமல் பையைத் திறந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தா. வெளிச்சவீட்டில் இருந்து, திகதியும் அடியும் போட்டு, வெயிலில் நின்று அவவே அளந்த கணக்கு!

"இதை ஏன் எழுதல்ல?"

"நான் அளந்தேன் என்று எழுதினா பெருமை அடிக்கிற மாதிரி இருக்கும் டீச்சர்."

எங்களுக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. இதே பள்ளியில் எழுவாய்க்குக் கீழே சிவப்புக் கோடு போடப் பழக்கினார்களே, அந்தக் கோட்டை அவவின் தாளில் போட்டோம். அவ திரும்ப எழுதினா. முதல் சொல் 'நான்'.

கோடு போடப் பழக்கிய டீச்சர் முன்வரிசையில் இருக்கிறா. நாங்கள் எங்காவது எழுவாயை விட்டிருந்தால் சொல்லுங்க டீச்சர், அச்சுக்குப் போகுமுன் திருத்திவிடலாம்.